யார் ஓட்டிய வண்டி?

பயன்படுத்திய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கலாம் என்று பேசத் தொடங்கியதிலிருந்து அதைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியது வரை எங்களுக்கு ஐந்து மாதங்கள் ஆயின. பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்தி விற்கும் 'கன்சல்டிங்' கடைகளுக்குத் திருச்சியில் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் மாலையில் வண்டியோடு திரும்புகிறவர்களை நாங்கள் அறிவோம். ஆனால் எங்கள் தேவை சற்றே வேறாக இருந்தது. அந்தத் தேவையையும், அதை முன்னிட்டு ஒரு பழைய இயந்திரத்தை எவ்வாறு நம்புவது என்று நாங்கள் நடத்திய விசாரணையையும் எழுதிவைத்தால், இதே யோசனையில் இருக்கும் வேறு சிலருக்கும் பயன்படக்கூடும் என்று தோன்றுகிறது.

நாங்கள் என்பது இருவர். உறையூரில், உய்யக்கொண்டான் வாய்க்காலுக்கு அருகே குடியிருக்கும், ஐம்பதைத் தாண்டிய கணவனும் மனைவியும். எங்களில் ஒருவர் ஓட்டுபவர், மற்றவர் பின்னிருக்கைக்காரர். சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' எங்கள் வீட்டில் அட்டை பிய்ந்து நூல் தெரியும் அளவுக்குப் படிக்கப்பட்ட புத்தகம். தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை ஆற்றோடு ஒரு முறை போய்வர வேண்டும் என்பது திருமணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும் ஆசை. காவிரியின் நீளம் ஏறத்தாழ 800 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து குடகுக்குப் போவதையும் பூம்புகாரிலிருந்து திரும்புவதையும் சேர்த்தால் சாலைவழியில் 1,500 கிலோமீட்டர் அளவுக்கு வரும். படித்துறை கண்ட இடமெல்லாம் நிறுத்த வேண்டும், சந்துக்குள் நுழைய வேண்டும், கரைமேட்டில் போக வேண்டும் என்பதால் மோட்டார் சைக்கிள் என்று முடிவாயிற்று. ஓய்வுக்கால இருப்பிலிருந்து எடுக்கும் பணம் என்பதால் பழைய வண்டி என்றும் முடிவாயிற்று.

இதில் விளையாட்டல்லாத ஓர் அம்சம் உண்டு. பின்னிருக்கைக்காரருக்கு முழங்கால் தேய்மானம். மருத்துவர் பயணத்தைத் தடுக்கவில்லை. ஆனால் ஒத்திப்போடுவதில் பயனில்லை என்று குறிப்பாகச் சொன்னார். கொள்ளேகாலத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்கு ஏறி, பாலாறு வழியாக மேட்டூருக்கு இறங்கும் காட்டுப் பாதையை வரைபடத்தில் பார்த்தபோதுதான் 'நம்பகத்தன்மை' என்ற சொல்லுக்கு எங்களளவில் பொருள் தெளிவாயிற்று. யானைகள் நடமாடும் அந்தப் பாதையின் நடுவில் மாலை நான்கு மணிக்கு வண்டி நின்றுபோனால், எங்களில் ஒருவரால் நடந்து வெளியே வர முடியாது. விளம்பரங்களில் வரும் நம்பகத்தன்மையோ, தெருமுனைப் பெருமையோ அங்கே உதவாது.

ஆகவே முதலில் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். இந்த வண்டி நிற்காமல் ஓடுமா என்பது ஒன்று. நின்றால் நின்ற இடத்தில், அங்குள்ளவர்களைக் கொண்டு, கையிலுள்ள பொருளைக் கொண்டு மீண்டும் ஓட வைக்க முடியுமா என்பது மற்றொன்று. நகரத்துக்குள் அலுவலகம் போய்வருகிறவர்களுக்கு முதற் கேள்வி போதும். தொலைதூரம் போகிறவர்களுக்கு இரண்டாவது கேள்வியே உயிர்நாடி. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதோடு, பல வேளைகளில் ஒன்றுக்கொன்று எதிரானவையும்கூட. அரிதாகவே பழுதாகும் நவீன எஞ்சின், பழுதானால் கணினி இணைத்துப் பார்க்கும் பணிமனையைத் தேடும். அடிக்கடி சிணுங்கும் பழைய எஞ்சின், ஒரு ஸ்பேனருக்கும் ஒரு துண்டுக் கம்பிக்கும் கட்டுப்படும்.

பழைய வண்டிச் சந்தையைப் பற்றிப் பொருளியலில் புகழ்பெற்ற கட்டுரை ஒன்று உண்டு. அமெரிக்கரான ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதியது. தொடக்கத்தில் சில ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின. பின்னர் 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அந்தக் கட்டுரையே முதன்மையாகப் பேசப்பட்டது. அதன் சாரம் எளிது. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாததால் வாங்குபவர் நல்ல வண்டிக்குரிய விலையைத் தரத் துணியாமல் நடுத்தர விலையே தருவார். அந்த விலைக்குத் தம் நல்ல வண்டியைத் தர மனமின்றி அதன் உரிமையாளர் சந்தையை விட்டு விலகிக்கொள்வார். மிஞ்சுவது பெரும்பாலும் கெட்ட வண்டிகள். கெட்ட வண்டிக்கு அமெரிக்கப் பேச்சு வழக்கில் எலுமிச்சை என்று பெயர். அதனால் அக்கட்டுரையும் எலுமிச்சைகளின் சந்தை என்றே பெயர் பெற்றது. வண்டி வாங்கியதும் கோயில் வாசலில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுக்கிற நமக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். வெக்காளியம்மன் கோயிலுக்கு முன்னால் அப்படி நசுங்கிக் கிடக்கும் பழங்களைப் பார்க்கும்போதெல்லாம், இவற்றுள் எத்தனை, ஓர் எலுமிச்சையின் கீழே நசுங்கிய எலுமிச்சையோ என்று எண்ணிக்கொள்வோம்.

அகெர்லாஃபின் வாதத்திலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றே. விலை மலிவாக இருப்பது நற்செய்தி அன்று. விற்பவருக்கும் நமக்கும் இடையிலுள்ள அறிவு வேற்றுமையை எது குறைக்கிறதோ அதற்குப் பணம் தரலாம்.

அடுத்து நிறுவனங்களின் பெயரை வைத்து முடிவு செய்ய முடியுமா என்று பார்த்தோம். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2015-இல் தன் வாசகர்களிடம் திரட்டி வெளியிட்ட கணக்கு நினைவுக்கு வந்தது. நான்காண்டு உடைமையில் பழுது காணும் வாய்ப்பு யமஹாவுக்கு ஏறத்தாழ 11 விழுக்காடு, ஹோண்டாவுக்கு 12, ஹார்லி டேவிட்சனுக்கு 26, நெடும்பயணத்துக்கென்றே பெயர்பெற்ற பி.எம்.டபிள்யூ.வுக்கு 40. ஆனால் அதே கணக்கில் ஹார்லி வைத்திருப்பவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல், மீண்டும் வாங்கினால் இதையே வாங்குவோம் என்றும் சொல்லியிருந்தார்கள். பழுது வேறு, மனக்குறை வேறு போலும். அந்த எண்கள் அங்குள்ள சாலைகளுக்கும் அங்குள்ள வண்டிகளுக்கும் உரியவை. நம் கையில் இருக்கப்போகிற ஒற்றை வண்டியைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. ஓர் ஊரின் சராசரி ஆயுள் எழுபது என்பதால் எதிர்வீட்டுக்காரர் எழுபது வயது வரை இருப்பார் என்று உறுதி கூற முடியுமா?

பொறியியலார் வரையும் குளியல் தொட்டி வளைகோடு இதைவிடப் பயன்பட்டது. எந்த இயந்திரத்திலும் புதிதாக இருக்கையில் தயாரிப்புக் குறைகளால் பழுதுகள் மிகுதியாக வரும். பின் நெடுங்காலம் குறைந்திருக்கும். இறுதியில் தேய்மானத்தால் மீண்டும் ஏறும். வரைந்து பார்த்தால் தொட்டியின் குறுக்குவெட்டு மாதிரி இருக்கும். இதன்படி ஐந்தாறு வயதான வண்டி தொட்டியின் அடித்தளத்தில் இருப்பது. பழையது வாங்குவது ஏழையின் சமாதானம் மட்டுமல்ல, அதற்கொரு நியாயமும் உண்டு என்று இதனால் மகிழ்ந்தோம். ஆனால் அடித்தளம் எவ்வளவு தூரம் நீளும் என்பது பராமரிப்பைப் பொறுத்தது.

இதைத் திருச்சிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு 1928-இல் இடம்பெயர்ந்த ரயில்வே பணிமனை நம் ஊரில் இருக்கிறது. நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின்களுக்கு இன்றும் அங்கேதான் பெரும்பராமரிப்பு. புதிய நீராவி எஞ்சின்களையே கட்டியும் கொடுத்திருக்கிறார்கள். அவற்றோடு ஒப்பிட்டால் எந்த மோட்டார் சைக்கிளும் கிழடன்று. ரயில் பெட்டியில் ஏறும்போது அதன் சுவரோரம் பொடி எழுத்தில் 'பி.ஓ.எச்.' என்று எழுதியிருப்பதைச் சிலர் கவனித்திருக்கலாம். கடைசியாகப் பெரும்பராமரிப்பு செய்யப்பட்ட நாள், செய்த பணிமனை, அடுத்து எப்போது திரும்ப வேண்டும் என்பவை அதில் இருக்கும். பெட்டி தன் மருத்துவ வரலாற்றை மேலேயே எழுதிக்கொண்டு ஊர் சுற்றுகிறது. மோட்டார் சைக்கிளுக்கு அப்படியொரு வழக்கம் இருந்திருந்தால் அகெர்லாஃபுக்கு நோபல் பரிசு கிடைத்திராது. எங்களுக்கும் ஐந்து மாதங்கள் ஆகியிரா.

நிற்க. எந்த வகை வண்டி என்பதற்கு வருவோம்.

தமிழ்நாட்டில் நெடும்பயண மோட்டார் சைக்கிள் என்றதும் பேச்சு புல்லட்டில்தான் தொடங்கும். அதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. எல்லைப் பணிக்கென்று இந்திய ராணுவம் 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்ததையொட்டி, இங்கிலாந்தில் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு மதராஸ் மோட்டார்ஸ் 1955-இல் கைகோத்தது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. தாய் நிறுவனம் 1970-இல் மூடப்பட்ட பின்னரும் பிள்ளை இங்கே ஓடிக்கொண்டிருந்தது. 1994-இல் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தது. எழுபது ஆண்டுகளாக இங்கேயே உருவாகிவரும் வண்டி என்பதால், அதன் உதிரிப் பாகங்களும் அதைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த கைகளும் எங்கும் உண்டு. எங்கள் இரண்டாவது கேள்விக்கு இது பாதி விடை.

ஆனால் புல்லட் என்பது ஒரே வண்டி அன்று. 2010 வாக்கில் விடைபெற்ற பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் ஒரு யுகம். எஞ்சின் தனி, கியர்பெட்டி தனி. நெடுங்காலம் வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக். அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஸர் பிடித்து, பிஸ்டனை உரிய இடத்துக்குக் கொண்டுவந்து உதைக்க வேண்டும். ஒரு லேத் பட்டறை இருக்கும் எந்தச் சிற்றூரிலும் அதற்கு வைத்தியம் கிடைக்கும். ஆனால் வைத்தியம் அடிக்கடி தேவைப்படும். இரண்டு பேருக்கும் நல்ல முழங்கால்கள் வேண்டும். எஞ்சினும் கியர்பெட்டியும் ஒன்றாக வார்க்கப்பட்ட எஞ்சின் 2008, 2009 ஆண்டுகளில் வந்தது; கிளாசிக் 350 அதனோடு பிரபலமாயிற்று. எண்ணெய் கசிவு குறைந்தது. தொடக்க மோட்டார் வந்தது. மூன்றாவது யுகம், 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதியை ஒட்டியது. கார்புரேட்டர் போய் எரிபொருள் தெளிப்பு முறை வந்தது. பயணத்துக்கென்றே 2016-இல் வந்து 2023-இல் நிறுத்தப்பட்ட 411 சி.சி. ஹிமாலயனும் எங்கள் பட்டியலில் இருந்தது. 15 லிட்டர் தொட்டி, நீண்ட சஸ்பென்ஷன், நிமிர்ந்த இருக்கை என்று எல்லாம் பொருத்தமே. ஆனால் அதன் உயரம் பின்னிருக்கைக்காரரின் முழங்காலுக்கு ஒவ்வவில்லை. காலைத் தூக்கிப் போட முடியாத வண்டி எவ்வளவு நல்ல வண்டியாயினும் நமதாகாது.

இந்த வரலாற்றை விரித்துவைத்துப் பார்த்தபோது ஒரு குறுகிய இடைவெளி கண்ணில் பட்டது. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். கார்புரேட்டரோ 2020 மார்ச்சோடு விடைபெற்றது. ஆகவே 2018-இன் இறுதியிலிருந்து 2020-இன் தொடக்கம் வரை வந்த கிளாசிக் 350 வண்டிகளில் ஏ.பி.எஸ். இருக்கிறது, தெருவோர மெக்கானிக்குக்குப் புரிகிற கார்புரேட்டரும் இருக்கிறது. தொடக்க மோட்டார் இருக்கிறது, அது கைவிட்டால் உதைக்கும் மிதியும் இருக்கிறது. கம்பிச் சக்கரத்தில் டியூப் உள்ள டயர் என்பதால் எந்தப் பஞ்சர் கடையிலும் ஒட்டிக்கொள்ளலாம். ஈரமான மலைச் சரிவில் காக்கும் புதுமையும், காட்டோரச் சிற்றூரில் காக்கும் பழமையும் சேர்ந்திருந்த காலம் ஏறத்தாழ ஓராண்டு. அந்த ஓராண்டைத் தேடிப் புறப்பட்டோம்.

துணைக்கு வந்தவர் பாலக்கரைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் பாய். "சார், மொதல்ல யாரு ஓட்டுனதுன்னு சொல்லுங்க. வண்டிய அப்புறம் பாக்கலாம்" என்பதே அவருடைய முதல் வாசகம். "எஞ்சின் வேலை எத்தனை தடவ வேணாலும் செஞ்சுக்கலாம். மறைச்ச வேலை இருக்கு பாருங்க, அதுதான் ஆளக் கொல்லும்."

முதலில் பார்த்தது ஒரு கடையில் நின்ற வண்டி. கண்ணாடி போல மின்னியது. ஓடோமீட்டர் 11,000 காட்டியது. பாய் அதைப் பார்க்கவேயில்லை. கால்வைக்கும் ரப்பரையும் பிரேக் மிதியையும் கைப்பிடியையும் தடவிப் பார்த்தார். வரி வரியாக இருக்க வேண்டிய ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. கிலோமீட்டர் முள்ளைத் திருப்பலாம். ரப்பருக்கு இளமையைத் திருப்பித் தர முடியாது. எஞ்சின்மேல் கை வைத்தோம். நாங்கள் வருவதற்குமுன் யாரோ ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். காலையில் முதன்முறை கிளப்பும்போது எத்தனை முயற்சி, என்ன சத்தம், என்ன புகை என்பவை தெரிய வேண்டும். முறுக்கியபோது நீலப் புகை வந்தது. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் மிகுதி. கடைக்காரர் "பாலிஷ் போட்ட ஆயில் சார், போகப் போகச் சரியாயிடும்" என்றார். நாங்கள் போனோம்.

இரண்டாவது, தில்லைநகரில் ஓர் இளைஞருடையது. அலங்காரப் பயண வண்டி. பக்கவாட்டுப் பெட்டிகள், கூடுதல் விளக்குகள், இரட்டை ஹாரன். "அங்கிள், மறைக்க ஒண்ணுமில்ல. ரெண்டு தடவ விழுந்திருக்கேன்" என்று அவராகவே சொன்னது எங்களுக்குப் பிடித்திருந்தது. முன்சக்கரத்தை மேலே தூக்கிக் கைப்பிடியை மெல்லத் திருப்பினோம். நடுவில் ஓரிடத்தில் சிக்கி நின்றது. கோன் செட் பள்ளம் விழுந்ததன் அடையாளம் அது, மாற்றக்கூடியதுதான். இருக்கையைக் கழற்றியபோதுதான் தயங்கினோம். கூடுதல் விளக்குகளுக்காக வயர்களை இடையிடையே வெட்டி, இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். மின்கோளாறு எப்போது வரும், எங்கே வரும் என்று சொல்ல முடியாது. அது நிழலான காட்டுப் பாதையில்தான் வரும் என்று எங்களுக்குத் தோன்றியது. உறையூரில் சேலை வாங்குகிறவர்கள் முந்தானையோடு நிற்பதில்லை, திருப்பிப் போட்டுக் கரையையும் நூலையும் பார்ப்பார்கள். வண்டிக்கும் மறுபுறம் என்று ஒன்று இருக்கிறது. அது இருக்கைக்கு அடியில் இருக்கிறது.

இப்படி ஏழு வண்டிகள். ஒவ்வொன்றிலும் சிலவற்றைக் கற்றோம். டயரின் பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கம் அது பிறந்த வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ஆழமான வரிகள் இருந்தாலும் ஆறு வயதுக்கு மேற்பட்ட டயரில் இரண்டு பேர் மலை இறங்கக்கூடாது. பற்சக்கரத்தின் பற்கள் அலைபோல ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் செயின் முடிந்தது என்று பொருள். எஞ்சின் நிற்கையில் பேட்டரி 12.6 வோல்ட் அளவிலும், முறுக்குகையில் 14 வோல்ட் அளவிலும் காட்ட வேண்டும். அது ஏறாவிட்டால் வண்டி தன் சேமிப்பைத் தின்றுகொண்டு ஓடுகிறது. முன் ஃபோர்க் குழாயில் துருப்புள்ளி இருந்தால் ஆயில் சீல் நிற்காது.

எட்டாவது வண்டி பொன்மலையில் இருந்தது. 2019-இல் பதிவானது. உரிமையாளர் ரயில்வே பணிமனையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பாய் அவருக்குப் பத்தாண்டுகளாக வேலை செய்கிறார். எங்களுக்குச் சொல்லலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டுவிட்டே அழைத்துப் போனார். 24,000 கிலோமீட்டர். பெயிண்டில் கீறல்கள் இருந்தன, மறைக்கப்படவில்லை. எஞ்சின் குளிர்ந்திருந்தது. பெரியவர் உள்ளே போய் ஒரு நீண்ட நோட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். இடப்பக்கம் தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, போட்ட பாகம், விலை. வலப்பக்கம், அடுத்து எப்போது. பணிமனைக்காரர் தம் வண்டிக்கும் பி.ஓ.எச். எழுதியிருக்கிறார் என்று புரிந்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, வேறென்னவோவும் வந்தது.

அவர் குறைகளைத்தான் முதலில் சொன்னார். "செயின் முடிஞ்சுபோச்சு, இன்னும் ரெண்டாயிரம் கிலோமீட்டர்கூட தாங்காது. பின் டயரு வண்டியோட வந்தது. ஒரு தடவ ஸ்ரீரங்கம் பாலத்துமேல வயர் அறுந்து கிளட்ச் புடிக்காம நின்னுது. மாத்திட்டேன், நோட்டுல இருக்கு பாருங்க." பின்னர், ஏன் விற்கிறீர்கள் என்று கேட்பதற்குள், வலக்கையை நீட்டிக் காட்டினார். நடுங்கியது. "பிரேக்க நம்பலாம். இத நம்ப முடியல" என்றார்.

ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம் சொன்னார். அதே ஆண்டு வண்டிகளுக்கு மற்ற இடங்களில் கேட்டதைவிடப் பத்தாயிரம் கூடுதல். "செயினுக்கு ரெண்டாயிரம் கொறச்சுக்கலாம், அதுக்கு மேல முடியாதும்மா" என்று பின்னிருக்கைக்காரரைப் பார்த்துச் சொன்னார். நாங்கள் பேரம் பேசவில்லை. அந்தக் கூடுதல் தொகை இரும்புக்கு அன்று, நோட்டுக்கு. தன் குறையைத் தானே முதலில் சொல்லும் விற்பனையாளர் கிடைத்தால் அகெர்லாஃபின் சந்தை அந்த ஒரு வாசலுக்குள் மட்டும் வேலை செய்வதில்லை.

பரிவு வேறு, பத்திரம் வேறு என்பதால் ஆவணங்களை வரி வரியாகப் பார்த்தோம். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளபடி இருக்கின்றனவா, கடன் அடைந்து வங்கியின் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா, போக்குவரத்து அபராதம் நிலுவையுண்டா, இன்சூரன்ஸ் நடப்பில் உள்ளதா என்பவை. 29, 30-ஆம் எண் படிவங்களில் இருவரும் ஒப்பமிட்டு, பெயர் மாற்றத்துக்கு உடனே விண்ணப்பித்தோம். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் வைத்திருக்கும் வழக்கம் நம் ஊரில் சாதாரணம். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. நமக்கு நல்ல வண்டி தந்தவரை அந்த ஆபத்தில் ஒரு வாரம் கூட விட்டுவைக்கலாகாது. பதிவு 15 ஆண்டுகளுக்கு, அதாவது 2034 வரை செல்லும். எங்கள் முழங்கால்களைவிட அதிகம்.

வாங்கியபின் செயின் தொகுதி, இரண்டு டயர்களும் டியூப்களும், பேட்டரி, பிரேக் பேடுகள், பிரேக் திரவம், கிளட்ச் வயர், ஆக்ஸிலேட்டர் வயர் மாற்றினோம். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது எங்கும் வருகிறது. அதற்கு ஏற்ற பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியது 2023-இல்தான் என்பதால், பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டரின் ரப்பர் வளையங்களையும் பாய் முன்னெச்சரிக்கையாக மாற்றினார். எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பழைய வண்டி வாங்குகிறவர்கள் விலையோடு இந்தத் தொகையையும் ஒதுக்காவிட்டால் அவர்கள் பார்த்த கணக்கு பாதிக் கணக்கே.

புதுப் பாகம் போட்ட வண்டி ஒருவகையில் குளியல் தொட்டியின் முதற் சரிவுக்குத் திரும்புகிறது. போட்டது புதிது, போட்ட கை மனிதக் கை. எனவே உடனே குடகுக்குக் கிளம்பாமல் ஆயிரம் கிலோமீட்டர் பக்கத்திலேயே ஓடிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். கல்லணைக்கும் திருவையாற்றுக்கும் போனோம். துறையூர் வழியாகப் பச்சைமலைக்குப் போனோம். கடைசியாக, முழுச் சுமையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கினோம். பின் பிரேக் விளக்கின் சுவிட்ச் ஒன்று தளர்ந்தது. சுமைப்பெட்டியின் ஒரு போல்ட் கழன்று விழுந்தது. காட்டுப் பாதையில் தெரிய வேண்டியவை நாமக்கல் பக்கத்திலேயே தெரிந்துகொண்டன. ஓட்டுபவருக்கு வண்டியின் சத்தம் பழகியது. பின்னிருக்கைக்காரருக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடந்தால் முழங்கால் பிடித்துக்கொள்வதில்லை என்பது தெரிந்தது. அந்த ஒரு மணி நேரமே எங்கள் பயணத்தின் அலகு. 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாத வண்டிக்கு அது போதும்.

வயதைக் கேட்டோம், பெயரைக் கேட்டோம், எண்களைக் கேட்டோம். அவை எல்லாம் ஓரளவுக்கு வழிகாட்டின. கடைசியில் எங்களை நம்ப வைத்தவர்கள் மூன்று பேர்: எழுதிவைத்த ஒருவர், பத்தாண்டுகளாகப் பிரித்துக் கோத்த ஒருவர், இன்னும் நாங்கள் பார்த்திராத, கொள்ளேகாலத்திலோ மேட்டூரிலோ பட்டறை வைத்திருக்கும் ஒருவர். அந்த மூன்றாமவருக்கும் புரிகிற வண்டியைத்தான் வாங்கியிருக்கிறோம் என்பதில் எங்களுக்கு நிம்மதி.

வடகிழக்கு மழை ஓய்ந்ததும் தை மாதத்தில் கிளம்புகிறோம். பெட்டியில் ஒரு கிளட்ச் வயர், இரண்டு டியூப்கள், ஒரு ஸ்பார்க் பிளக், ஃபியூஸ்கள், டயர் கழற்றும் நெம்பிகள், பின்னிருக்கைக்காரரின் முழங்கால் உறை. நோட்டையும் எடுத்துப்போகிறோம். பெரியவரின் கையெழுத்து முடிந்த இடத்தில் ஒரு கோடிட்டு, தேதியும் கிலோமீட்டரும் போட்டு எங்கள் கையெழுத்தைத் தொடங்கியிருக்கிறோம். பின் பிரேக் விளக்கின் சுவிட்ச், மாற்றப்பட்டது, 140 ரூபாய். வலப்பக்கம், அடுத்த எண்ணெய் மாற்றம், பூம்புகாரிலிருந்து திரும்பியதும்.